பட்டியலில் இல்லாத பயணி

தாய்நாட்டைக் குறிக்க ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு சொல்லை வைத்திருக்கிறது. அரபியர் ‘வதன்’ என்பர். தங்கி வாழுமிடம் என்பது அதன் பொருள். நாம் தாயின் பெயரைச் சேர்த்து அழைக்கிறோம். இந்தோனேசிய மக்களோ ‘தானா ஆயிர்’ என்கின்றனர். தானா என்றால் மண். ஆயிர் என்றால் நீர். மண்ணும் நீரும் சேர்ந்ததே அவர்களுக்கு நாடு. இதனைக் கவிஞரின் கற்பனை என்று எண்ணிவிட வேண்டா. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். மேற்கே சபாங் முதல் கிழக்கே மெராவ்கே வரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம். முன்பெல்லாம் ஒவ்வொரு தீவையும் சுற்றி மூன்று மைல் மட்டுமே அந்நாட்டுக்கு உரியதாயிருந்தது. அதற்கப்பால் எவருடைய கப்பலும் தடையின்றிச் செல்லும் பொதுக்கடல். 1957 டிசம்பர் 13இல் பிரதமர் ஜுவாண்டா வெளியிட்ட பிரகடனம், தீவுகளுக்கிடையே கிடக்கும் நீர் முழுவதும் எங்கள் நாட்டின் உள்ளிடமே என்று உரைத்தது. கால் நூற்றாண்டு வாதாட்டத்துக்குப் பிறகு 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை அக்கொள்கையை ஏற்றுக்கொண்டது.

நீரே நாடாகும்போது கப்பலே அந்நாட்டின் தெருவாகிறது. கப்பல் என்ற நம் சொல்லே அவர்கள் மொழியில் ‘கபால்’ என்று வழங்குகிறது; தமிழிலிருந்து சென்றதென்பது மொழியறிஞர் முடிவு. கப்பல் தலைவனை அவர்களும் ‘நகோடா’ என்றே அழைக்கின்றனர். பாரசீகத்தில் பிறந்து, நம் கடற்கரை ஊர்களில் நகுதா என்று குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்ட அதே சொல்தான். இச்சொற்களைக் கேட்டபோது அந்நியத் துறைமுகத்தில் உறவினரைக் கண்டதுபோல் இருந்தது.

டச்சுக்காரர் ஆட்சியில் 1888இல் தோன்றிய கே.பி.எம். என்னும் கம்பெனியே அத்தீவுகளுக்கிடையே பயணக் கப்பல்களை ஓட்டிவந்தது. விடுதலைக்குப் பின் 1952 ஏப்ரல் 28இல் அரசின் சொந்த நிறுவனமாகப் பெல்னி நிறுவப்பட்டது. 1983 முதல் ஜெர்மனியின் பாபென்பர்க் நகரிலுள்ள மையர் தளத்தில் கட்டப்பட்ட பெரும் வெண்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. கடலோடும் கப்பல்களுக்கு மலைகளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்: கெரிஞ்சி, ரிஞ்சானி, கெலூத், சிரெமாய். ஆயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை ஏற்றும் அக்கப்பல்கள் சுமார் இரண்டு வாரத்துக்கொரு முறை ஒரு சுற்றை முடித்து மீள்கின்றன. ஜாவாவிலிருந்து மக்காஸர், அம்போன், சோரோங் என்று தொட்டுத் தொட்டு ஜயபுரா போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அவை தவிரத் தனியார் கப்பல்களும் உண்டு. விமானக் கட்டணம் கொடுக்க இயலாதோர், மூட்டை முடிச்சு அதிகமுள்ளோர், விமான நிலையமே இல்லாத சிறு தீவினர் ஆகியோருக்கு இன்றும் கப்பலே கதி.

2017ஆம் ஆண்டு ரமழானின் கடைசிப் பத்தில், சுரபாயாவின் தஞ்சோங் பேராக் துறைமுகத்திலிருந்து மக்காஸருக்கு அவ்வாறு ஒரு கப்பலில் சென்றோம். மக்காஸரை அடுத்த கோவாவில் ஷைகு யூசுஃப் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை ஸியாரத் செய்யவேண்டுமென்பது நெடுநாள் ஆசை. டச்சுக்காரரை எதிர்த்தமையால் 1684இல் இலங்கைக்கும், பின்னர் 1694இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கும் நாடுகடத்தப்பட்டு, 1699இல் அங்கேயே மறைந்த மகான் அவர். இலங்கையிலிருந்த ஆண்டுகளில் பல நூல்களை எழுதினார்கள். அவர்களைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். இங்கு நாம் சொல்ல வந்தது கப்பலேறும் படிக்கட்டின் அடியில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை. அன்றுமுதல் நம் உள்ளத்தைவிட்டு அகலாத ஒரு கேள்வியை. கப்பலின் பெயரையோ அதன் உரிமையாளரையோ இங்கு எழுதப்போவதில்லை.

நோன்புப் பெருநாளை அவர்கள் லெபாரான் என்கின்றனர். பெருநாளுக்கு ஊர் திரும்புவதற்கு ‘மூடிக்’ என்று ஒரு தனிச்சொல்லே உண்டு. அந்நாட்களில் நகரங்கள் காலியாகின்றன. துறைமுகங்கள் நிரம்பி வழிகின்றன. அன்று வரிசையில் நமக்கு முன்னே ஒரு மூதாட்டி நின்றிருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கலாம். வெண்ணிற முக்காடு, கயிற்றால் கட்டிய ஓர் அட்டைப்பெட்டி, கையில் பிளாஸ்டிக் பை. மகன் மக்காஸரில் இருக்கிறான். பெருநாளுக்கு அவனிடம் போகவேண்டும். பயணச்சீட்டு இல்லை. எல்லாச் சீட்டுகளும் முன்னரே விற்றுவிட்டன. வாயிலில் நின்ற இளைஞர், “நேனேக், அடுத்த கப்பலுக்கு வாருங்கள்” என்று மரியாதையாகவே சொன்னார். நேனேக் என்றால் பாட்டியம்மா. அடுத்த கப்பல் பெருநாளுக்குப் பிறகு. மூதாட்டி நகரவில்லை, அழவுமில்லை, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நமக்கு மனம் பொறுக்கவில்லை. பினாங்கில் பல்லாண்டு கடை வைத்திருந்து மலாய் நன்கறிந்த நண்பர் ஒருவர் நம்முடன் வந்திருந்தார். அவர் வாயிலாக அவ்விளைஞரிடம் பேசினோம். நோன்பாளியான கிழவி, புனித மாதம், தாயும் மகனும் சேர்வதற்குத் துணைபுரிவதன் நன்மை என்றெல்லாம் ஒரு சிறு பயானே நிகழ்த்திவிட்டோம் என்று சொல்லவேண்டும். இறுதியில், “இந்த ஒரு கிழவியின் எடையினாலா உங்கள் கப்பல் மூழ்கிவிடும்?” என்றும் கேட்டோம். வரிசையிலிருந்தோர் சிரித்து நம் பக்கம் சேர்ந்தனர். அவ்விளைஞர் கையிலிருந்த தாள்களைக் காட்டி, “பாக் ஹாஜி, எடைக்காகச் சொல்லவில்லை. இவர் பெயரை எழுத என்னிடம் வரி இல்லை” என்றார். நாம் ஹஜ் செய்தோமா என்று அவர் அறியார். தொப்பியணிந்த நரைத்த மனிதரை அங்கு அப்படித்தான் விளிப்பார்கள். கல்நெஞ்சன் என்று உள்ளத்தில் எண்ணிக்கொண்டு மேலே ஏறினோம். நம் பெயரை அவர் தாளில் சரிபார்த்தபோது அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததைக் கண்டோம். அதைச் சொல்லக்கூட மனமின்றி வந்துவிட்டோம்.

கப்பலுக்குள் ஓர் ஊரே இருந்தது. நீண்ட மேடைகளில் வரிசையாக மெத்தைகள், குழந்தைகளின் அழுகை, சமையலறை மணம். மேல்தளத்தில் தொழுகைக்கென ஓர் இடம். வக்து வந்ததும் ஒலிபெருக்கியில் பாங்கு. கப்பலின் போக்கை வைத்துக் கிப்லா எந்தப் பக்கம் என்ற அறிவிப்பு. தொழுகையின் நடுவே கப்பல் திசைமாறினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டுமென்று ஃபிக்ஹு நூல்களில் முப்பதாண்டுகளாகப் பாடம் சொல்லியிருக்கிறோம்; அன்றுதான் அது பாடமாக இல்லாமல் பாதங்களுக்கு எட்டியது. சுரபாயாவின் நேரம் வேறு. மக்காஸரின் நேரம் ஒரு மணி முந்தியது. எந்தக் கடிகாரப்படி நோன்பு துறப்பது என்று இரு இளைஞர்கள் தர்க்கித்துக்கொண்டிருந்தனர். ஒரு முதியவர் அவர்களைத் தளத்துக்கு அழைத்துச் சென்று கடலில் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் காட்டினார். அதற்குமேல் என்ன ஃபத்வா வேண்டும்?

மறுநாள் நோன்பு துறக்கும் வேளைக்குச் சற்று முன்னர், இரண்டு தளங்களுக்கிடையே உள்ள படிக்கட்டுத் திருப்பத்தில் அந்த அட்டைப்பெட்டியைக் கண்டோம். பெட்டியின் அருகே அம்மூதாட்டி. எப்படி ஏறினார், யார் ஏற்றினார் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டாமென்றே இருந்துவிட்டோம். அவர் மட்டுமன்று, நடைவழிகளிலும் படிகளிலும் வேறு பலரும் பாய்விரித்திருந்தனர். நம்மை அடையாளங்கண்டு அவர் சிரித்தார். பையிலிருந்து வாழையிலையில் பொதிந்த அரிசிப் பலகாரத்தை எடுத்து நமக்கும் நண்பருக்கும் நீட்டினார். உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அல்லாஹ் வழிசெய்துவிட்டான் என்று புகழ்ந்தோம். வாயிற்காப்போரின் கடுமையை அவனுடைய ரஹ்மத் வென்றுவிட்டது என்று நண்பரிடம் கூறினோம்.

அன்றிரவு படுக்கையில் கிடக்கையில்தான் நெஞ்சில் முள் தைத்தது. நம் இருப்பிடத்துக்கருகே உயிர்காக்கும் மிதவைச் சட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. புறப்படும்போது அதை அணியும் விதத்தை ஒருவர் செய்துகாட்டினார். நாம் பாதி கவனித்தோம். சட்டைகள் சீட்டுகளின் கணக்குக்கு ஏற்றவை. அப்படியானால் படிக்கட்டிலிருக்கும் மூதாட்டிக்கு? நள்ளிரவில் அபாயமணி ஒலித்தால் நமக்குரியதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்போமா? ஈஸார் என்று அரபியில் சொல்வார்கள். தன் தேவையிருக்கப் பிறருக்கு ஈவது. அதைப் பற்றி எத்தனை ஜுமுஆக்களில் பேசியிருக்கிறோம்! கண்ணை மூடிக்கொண்டு, கொடுப்போம் என்று சொல்லிப் பார்த்தோம். உள்ளம் ஒப்பவில்லை. நம் பிள்ளைகளின் முகங்கள் வந்தன.

அப்படியானால் வாயிலில் நாம் காட்டியது என்ன? ‘ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்றோமே, அந்த இடம் நம்முடையதா? இல்லை. கப்பலில் ஏற்கெனவே பெயர் எழுதப்பட்ட ஆயிரம் பேரின் பாதுகாப்பிலிருந்து ஒரு துளியை எடுத்து அம்மூதாட்டிக்கு அளிக்கச் சொன்னோம். பிறர் பொருளை அவர் அனுமதியின்றி எடுத்து ஸதகா கொடுப்பவனுக்கு நன்மையுண்டா என்று கேட்டால் மதரஸாவின் முதலாண்டு மாணவன்கூட விடை சொல்வான். நம் இரக்கம் அதுவரை நம்மிடமிருந்து எதையுமே கேட்டிருக்கவில்லை. விலையின்றி வந்த இரக்கமாகையால்தான் அவ்வளவு சரளமாகப் பேச வந்தது.

கப்பலைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமையை வாசகர்கள் அறிவார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) பதிந்துள்ள ஹதீஸ் அது. சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம்பெறுகின்றனர். கீழேயிருப்போர் தண்ணீருக்காக மேலே வந்துபோக வேண்டியிருக்கிறது. நம் பகுதியிலேயே ஒரு துளையிட்டுக்கொள்வோமே என்று அவர்கள் எண்ணுகின்றனர். விட்டுவிட்டால் எல்லாரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பர். தீமையைத் தடுக்காதிருப்பதன் கேட்டுக்கு நம் மேடைகளில் இதனை எடுத்துக்காட்டுவது வழக்கம். நாமும் அவ்வாறே பேசிவந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கப்பலில் கிடந்து நினைத்துப் பார்த்தபோது இதுகாறும் கவனியாத ஒன்று புலப்பட்டது. துளையிட நினைத்தவர்கள் தீயவர்களல்லர். மேலேயிருப்போருக்குத் தொந்தரவு தரக்கூடாதே என்ற நல்லெண்ணத்தாலேதான் அவர்கள் கோடரியைத் தேடினார்கள்! அவ்வுவமையில் வன்மம் இல்லை, குரோதம் இல்லை, தாகமும் மரியாதையுமே உள்ளன. துளையோ துளைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. துளையைப் பற்றிப் பேசுவோர் தாகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கீழேயிருப்போரின் கையைப் பிடித்துத் தடுத்தாயிற்று. பிறகு அவர்களுக்குத் தண்ணீர்? மேல்தளத்தார் முகம் சுளிக்காமல் வழிவிட்டிருந்தால் கோடரியின் நினைவே எழுந்திராது. வாயிலில் நின்ற இளைஞர் கையைப் பிடித்துத் தடுத்தார். அது அவர் கடமை. மகனைக் காணவேண்டுமென்னும் தாகம் அம்மூதாட்டிக்கு. பெருநாள் காலத்தில் மக்கள் பெருகுவர் என்பது ஆண்டுதோறும் தெரிந்த செய்தி. போதிய கப்பல்களை விடுவது யார் பொறுப்பு? ஊரில் ஜனாஸாவை அடக்கம் செய்ய ஒருவருமில்லாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாகும் ஃபர்ளு கிஃபாயாவைப் போல, இதுவும் ஆள்வோரிலும் செல்வரிலும் தொடங்கி அனைவர்மீதும் ஏறும் கடமை என்பதே நம் அபிப்பிராயம். அந்நாட்டில் பெருநாள் காலத்தில் குறிப்பிட்ட அளவு கூடுதல் பயணிகளை ஏற்றிக்கொள்ள அரசு சிறப்பனுமதி அளிப்பதும் உண்டு. அதற்கேற்ப மிதவைச் சட்டைகளும் கூடுதலாக இருக்கவேண்டுமென்பது நிபந்தனை. அது முறையான வாசல். அவ்வாசல் வழியே வருபவருக்குப் பெயர் உண்டு. பின்வாசல் வழியே, யாரோ ஒருவர் கையில் எதையோ திணித்து ஏறுபவருக்கு அது இல்லை.

கப்பல் ஆபத்தில் சிக்கினால் என்ன செய்வது என்பதை நம் இமாம்கள் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிவதற்குச் சட்டம் வருகிறது. மனித உயிரைக் காக்கப் பொருளை எறியவேண்டும். பிறர் பொருளை அவர் அனுமதியின்றி எறிந்தால் எறிந்தவர் ஈடு செய்யவேண்டும். ‘உன் சரக்கை எறி, நான் பொறுப்பு’ என்று ஒருவர் சொன்னால் அவர் அதற்குப் பிணையாவார். ஆனால் மனிதனை எறியக்கூடாது. அடிமைமுறை நிலவிய காலத்திலும், சுதந்திர மனிதர் பிழைக்க அடிமையை எறிதல் ஆகாதென்று எழுதிவைத்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘முஸ்தஸ்ஃபா’வில் இந்தக் கேள்வியையே எடுத்து, ஒருவரை எறிந்தால் மற்றெல்லாரும் பிழைப்பர் என்றாலும், சீட்டுக் குலுக்கியும்கூட எறியலாகாதென்று முடிவு செய்கிறார்கள். யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றில் சீட்டுக் குலுக்கப்பட்டதே என்றால், அது அவர்களுக்கேயுரிய நிகழ்ச்சி; நமக்குச் சட்டமாகாது.

இதன் பொருளை நாம் எத்தனையோ முறை மாணவர்க்கு விளக்கியும் அன்றுவரை முழுதாக உணர்ந்ததில்லை. ஏறிய பிறகு எவரையும் இறக்க இயலாது என்றால், ‘இல்லை’ என்று சொல்ல இயலும் இடம் படிக்கட்டின் அடி ஒன்றே. அங்கே மறுத்தால் ஒரு தாய்க்கு ஏமாற்றம். ஒரு பெருநாள் தனிமையில் கழியும். அங்கே மறுக்காவிட்டால், பின்னர் நடுக்கடலில் மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவே எளிய வேளையில் கடுமையாயிருக்க ஒருவரை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அவரையே நாம் கல்நெஞ்சன் என்றோம்.

மறுவருடம், 2018 ஜூன் 18. நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள். சுமத்ராவின் தோபா ஏரியில் சினார் பாஙுன் என்னும் படகு கவிழ்ந்த செய்தி வந்தது. அது ஏரிப் படகு, நெடுங்கடற் கப்பலன்று. ஆயினும் செய்தியைப் படிக்கையில் நம் கை நடுங்கியது. ஏற்றத் தகுந்ததைவிடப் பன்மடங்கு மக்கள். பயணிகளின் பட்டியல் என்ற ஒன்றே இல்லை. எத்தனை பேர் போயினர் என்பதை அதிகாரிகளால் சொல்ல முடியவில்லை. என் மகன் வரவில்லை, என் மருமகள் வரவில்லை என்று உறவினர்கள் கரைக்கு வந்து சொல்லச் சொல்ல எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. முடிவில் நூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் காணாமற்போனோர் என்று கணக்காயிற்று. படகு 450 மீட்டர் ஆழத்தில் கிடப்பது கண்டறியப்பட்டும் மேலே கொண்டுவர இயலாமல், ஜூலைத் தொடக்கத்தில் தேடுதல் நிறுத்தப்பட்டது. அன்று அங்கே உயிருள்ள உறவினரின் நாவே பட்டியல். உறவினர் இல்லாதவர் ஒருவர் அப்படகில் இருந்திருந்தால்?

அதற்கு முன்னும் அந்நாடு இதனை அறியும். தஞ்சோங் பிரியோக்கிலிருந்து மக்காஸருக்கு (அன்று உஜுங் பண்டாங்) சென்றுகொண்டிருந்த தம்போமாஸ் 2 என்னும் கப்பலில் 1981 ஜனவரி 25 இரவு தீப்பிடித்தது. இரண்டு நாள் எரிந்து, 27ஆம் தேதி ஜாவாக் கடலில் மசலெம்பு தீவுகளுக்கருகே மூழ்கியது. கப்பல் தலைவர் அப்துல் ரிவாய் கப்பலைவிட்டு மீளவில்லை. பதிவேட்டின்படி 1,055 பயணிகள், 82 ஊழியர், ஆக 1,137. அறிவிக்கப்பட்ட கணக்கின்படி பிழைத்தோர் 753. இறந்தோரும் காணாமற்போனோரும் 431. கூட்டிப் பாருங்கள்: 1,184. பதிவேட்டைவிட 47 பேர் அதிகம். கப்பலில் இருந்தோர் அதனினும் பலநூறு மிகுதி என்று மதிப்பிட்டோரும் உளர். பிலிப்பைன்ஸிலும் இதுவே. 1987 டிசம்பர் 20இல், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் மக்களோடு வந்த டோனா பாஸ் கப்பல் எண்ணெய்க் கப்பலொன்றோடு மோதி எரிந்தது. பட்டியலில் இருந்தோர் சுமார் 1,500; மாண்டோர் நான்காயிரத்துக்கு மேல். பெருநாளும் தாயன்பும் எல்லாச் சமயத்தாருக்கும் பொது, பின்வாசலும் அப்படியே.

கடலில் மூழ்கி இறந்த முஃமின் ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்வார் என்று ஹதீஸ் கூறுகிறது. இத்தகைய விபத்துகளின்போது நம் ஆலிம்கள் இதைச் சொல்லி ஆறுதல் கூறுவார்கள். விதித்த வேளை வந்தது என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் ஷஹாதத் இறந்தவருக்கு அல்லாஹ் தரும் கூலி. ஏற்றியவருக்கு நாம் தரும் மன்னிப்புச் சீட்டன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில், கட்டாதவன் தவக்குலைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

‘பெயர் எழுத வரி இல்லை’ என்று அவ்விளைஞர் சொன்னதை அன்று அலுவலகத் தந்திரமென்று எண்ணினோம். ஃபிக்ஹில் மஃப்கூத் என்று ஒரு பாடம் உண்டு: காணாமற்போனவர். அவர் இறந்தார் என்று உறுதியாகும்வரை சொத்தைப் பங்கிடலாகாது. மனைவியைப் பற்றி இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய சொல் ஒன்று, புதிய சொல் ஒன்று. உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி நான்காண்டு காத்திருந்து, பின் இத்தா இருப்பது பழைய சொல். மரணம் உறுதியாகும்வரை காத்தே இருக்கவேண்டுமென்பது புதிய சொல். கப்பலுடைந்து காணாமற்போனவனைப் போன்று மரணமே மிகைக்கும் நிலையிலுள்ளோருக்குத் தனிச் சட்டம் வகுத்தனர் ஹன்பலி மத்ஹபினர். எந்தச் சொல்லை எடுத்தாலும், முதலில் ஒன்று தேவை: அவர் அக்கப்பலில் இருந்தார் என்பதற்கு ஆதாரம். பட்டியலில் பெயருள்ளவரின் மனைவி காழியிடம் ஒரு தாளைக் காட்டலாம். பெயரில்லாதவரின் மனைவி எதைக் காட்டுவாள்? அவள் விதவையுமல்லள், சுமங்கலியுமல்லள். அவள் பிள்ளைகள் அநாதைகளுமல்லர், தந்தையுள்ளவருமல்லர். அந்நாட்டில் 1964ஆம் ஆண்டின் சட்டப்படி பயணக் கட்டணத்திலேயே விபத்து ஈட்டுக்கென ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கிறது. சீட்டே வாங்காதவர் அதற்கு உரியவரென்று நிலைநாட்டுவதும் இதே சிக்கல்தான். ஒரு வரி எழுதாமையால் வரும் வினை தலைமுறைக்கும் நீள்கிறது.

சாட்சிகள் இருந்தால் போதுமே என்று ஒரு மாணவர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. அதனை நம்மிடமே போட்டுப் பார்த்தோம். அன்றிரவு அக்கப்பல் மூழ்கி, நாமும் நண்பரும் மட்டும் பிழைத்து, மக்காஸரில் காழிக்கு முன் நிற்கிறோம் என்று கொள்வோம். நேர்மையுள்ள இரு ஆண் சாட்சிகள். மூதாட்டி கப்பலில் இருந்தாரா? இருந்தார். கண்ணால் கண்டீர்களா? கண்டோம், அவர் கையால் வாங்கி உண்டோம். அவர் பெயர்? வெண்ணிற முக்காடு அணிந்திருந்தார் என்போம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வைத்திருந்தார் என்போம். மகன் மக்காஸரில் இருக்கிறான் என்போம். மகன் பெயர்? அவருக்காக ஊரே கேட்க வாதாடினோம். அவர் பெயரை நாம் கேட்கவேயில்லை.

அல்ஹம்து லில்லாஹ், கப்பல் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது. ஏணிப்படி இறக்கப்பட்டதும் மூட்டை தூக்குவோர் மேலே ஏற, பயணிகள் கீழே இறங்க, ஒரே நெரிசல். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அந்த அட்டைப்பெட்டி யாரோ ஒருவர் தோளில் போவதைக் கண்டோம். நடுத்தர வயதுடைய மனிதர், மகனாக இருக்கலாம். அவருக்குப் பின்னால் வெண்ணிற முக்காடு. கூப்பிட வாயெடுத்தோம், எப்படிக் கூப்பிடுவது? நேனேக் என்று அழைத்திருந்தால் துறைமுகத்திலுள்ள பாட்டிமார் அத்தனை பேரும் திரும்பியிருப்பார்கள்.

அம்மூதாட்டி ஏறியது தவறு என்று சொல்ல இன்றும் நமக்கு நா எழவில்லை. மகனோடு பெருநாள் கொண்டாடியிருப்பார் என்று நினைக்கையில் மகிழ்ச்சியே உண்டாகிறது. அம்மகிழ்ச்சியை மறைப்பது பொய்யாகும். அவ்விளைஞர் செய்தது சரி என்பதிலும் ஐயமில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள நம் அறிவு போதவில்லை. ஏழைகளின் படகைத் துளையிட்டு அவர்களைக் காத்த கிள்ரு (அலை) அவர்களுக்கு, வரப்போவதை அறியும் ஞானம் அல்லாஹ்வால் அளிக்கப்பட்டிருந்தது. நமக்கு அளிக்கப்பட்டவை ஒரு தாளும் ஒரு பேனாவும்.

ஸியாரத் முடித்துப் பெருநாளையும் அங்கேயே கழித்து, பத்து நாளைக்குப் பின் சுரபாயாவுக்குத் திரும்பக் கப்பலேறினோம். வாயிலில் வேறோர் இளைஞர். பட்டியலைப் பார்த்தார்; நம் பெயரில் இம்முறையும் ஓர் எழுத்து மாறியிருந்தது. அவர்கள் நாவுக்கு நம் பெயர் வாராது; குற்றமில்லை. “சரிதான், வாருங்கள் போகலாம்” என்றார் நண்பர். நாம் நின்றோம். கடவுச்சீட்டை எடுத்துக் காட்டி, அந்த எழுத்தைத் திருத்தும்படி கேட்டோம். அவர் பேனாவைத் தேடினார், சட்டைப்பையில் இல்லை, பக்கத்திலிருந்தவரிடம் இரவல் வாங்கினார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. யாரோ ஒருவர், இந்தக் கிழவருக்கு ஓர் எழுத்தால் என்ன வந்துவிடும் என்று மலாயில் சொன்னதாக நண்பர் பிறகு நமக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.